டயர் எப்படிச் சாகுதுன்னு முதல்ல பாருங்க, விலையை அப்புறம் பார்க்கலாம்



நீங்க சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில இருக்கீங்க. மாசக் கடைசி. ஊர்லருந்து அண்ணனோ மாமாவோ போன் பண்றாங்க. "ஜேசிபிக்குப் பின் டயர் ரெண்டும் மாத்தணும். நல்ல கம்பெனின்னா அறுபத்தெட்டாயிரம் சொல்றான். சாதாரணம்னா நாப்பத்தி நாலுல முடிஞ்சுரும். என்ன பண்ணட்டும்?"

நீங்க என்ன சொல்வீங்க? பத்துல எட்டுப் பேர், "நல்லதாவே போடுங்க, மிச்சத்தை நான் அனுப்பறேன்"னுதான் சொல்வோம். படிச்சவன், சம்பாதிக்கிறவன், தரத்துல சமரசம் பண்ணக்கூடாதுன்னு தோணும். கூடவே, ஊரை விட்டு வந்துட்டோமேங்கற குற்ற உணர்ச்சி கொஞ்சம். அந்தப் பணத்தோட அதையும் சேர்த்து அனுப்பிடறோம்.

நானும் 2021-ல் இதையேதான் சொன்னேன். அப்ப நான் சென்னையில வேலை பார்த்துட்டு இருந்த சிஏ. கணக்கு போடறதுதான் என் தொழில். ஆனா அன்னைக்கு நான் கணக்கே போடலை. அந்தத் தப்பைப் பத்திதான் இந்தக் கட்டுரை. வீடியோவில் பத்து நிமிஷத்துல ஓட்டமா சொன்னதை இங்கே நிதானமா எழுதறேன்.

"எங்க வீட்ல ஜேசிபியே இல்லையே"ன்னு நீங்க கேக்கலாம். பரவாயில்லை, படிங்க. ஊர்ல ஒரு டிராக்டர் இருக்கலாம், தறி இருக்கலாம், லோடு ஆட்டோ இருக்கலாம். உங்க சம்பளத்துல ஒரு பங்கு ஏதோ ஒரு மெஷினுக்குப் போயிட்டுதான் இருக்கும்.

2021-ல் என்ன நடந்தது

மாமா சங்கரன்கோவில்ல ஒரு பழைய பேக்ஹோ லோடர் வச்சிருக்கார். நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் அதுக்குப் பேர் ஜேசிபிதான். கண்மாயில மண் அள்ளறது, பண்ணைக்குட்டை வெட்டறது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டறது, குழாய் பதிக்கப் பள்ளம் எடுக்கறது. இதுதான் வேலை.

ஆடித் தபசு முடிஞ்ச வாரம் போன் பண்ணார். பின் டயர் ரெண்டும் மொட்டை ஆயிடுச்சு. கையில 60,000 இருக்கு. 44,000-க்கு சாதாரண டயர் ஒரு ஜோடி. 68,000-க்கு நல்ல டயர் ஒரு ஜோடி.

"மாமா, யோசிக்கவே யோசிக்காதீங்க. நல்லதா ஒண்ணு போட்டா பத்து வருஷம் திரும்பிப் பாக்க வேண்டாம். எட்டாயிரம் நான் அனுப்பறேன்"னு சொன்னேன்.

"சரி மாப்ள, படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு வாங்கிட்டார்.

நான் கேக்காம விட்ட ஒரு கேள்வி இருக்கு. 44,000-க்கு வாங்கியிருந்தா மீதி 16,000 எதுக்கு வச்சிருந்தீங்க? அந்தப் பணம் ஹைட்ராலிக் பம்ப் வேலைக்குன்னு எடுத்து வச்சது. பம்ப்ல கசிவு ஆரம்பிச்சிருந்தது. மெக்கானிக் 16,000 கேட்டிருந்தார். டயருக்காக அந்த வேலையைத் தள்ளிப் போட்டுட்டார். அவரும் சொல்லலை. நானும் கேக்கலை.

நவம்பர்ல மழை. வாய்க்கால் அடைப்பு எடுக்கற வேலை வரிசையா வந்த நேரத்துல பம்ப் போயிடுச்சு. 16,000-ல் முடிய வேண்டிய வேலை 52,000 ஆச்சு. வண்டி 11 நாள் நின்னுது. கையில இருந்த வேலை சுமார் 50 மணி நேரம். டீசல், ஆபரேட்டர் சம்பளம் போக மணிக்கு 350 நின்னிருக்கும். அதுல 17,500 போச்சு. ரெண்டையும் கூட்டினா 53,500 ரூபாய்.

சரி, டயராவது பத்து வருஷம் வந்துச்சா? இந்த வருஷம் மார்ச்ல போன் பண்ணார். "மாப்ள, கட்டை இன்னும் பாதி இருக்கு. சைடுதான் வெடிச்சுப் போச்சு." நாலு வருஷம் எட்டு மாசம். ஹவர் மீட்டர்படி 2,800 மணி நேரம். டயர் தேயவே இல்லை. வயசாகி செத்துப் போச்சு.

அடிப்படைக் கணக்கு

டயரை விலையை வச்சு ஒப்பிடக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு செலவுன்னு பாக்கணும். இது எல்லாரும் சொல்றதுதான். நாமளும் அங்கருந்தே ஆரம்பிப்போம். கீழே வர்ற எண்கள் மாமாவோட வண்டிக்கு நான் வச்சுக்கிட்டது. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாத்துக்கோங்க.

சாதாரண ஜோடி: 44,000 ரூபாய், 2,000 மணி நேரம் வரும்னு வச்சுக்குவோம். மணிக்கு 22 ரூபாய்.

பிரீமியம் ஜோடி: 68,000 ரூபாய், 3,400 மணி நேரம் வரும்னு வச்சுக்குவோம். மணிக்கு 20 ரூபாய்.

பிரீமியம்தான் ஜெயிக்குது. ஆனா எவ்வளவுல? மணிக்கு ரெண்டு ரூபாய். வருஷத்துக்கு 1,500 மணி நேரம் ஓடற வண்டியில 3,000 ரூபாய் மிச்சம். கடையில பேசற பேச்சைக் கேட்டா ஏதோ லட்சக்கணக்குல மிச்சம் ஆகப்போற மாதிரி இருக்கும். கணக்கு அப்படிச் சொல்லலை.

இன்னும் சுலபமா ஒரு வழி இருக்கு. 68,000-ஐ 44,000-ஆல வகுங்க. 1.55 வருது. அதாவது விலை 55% அதிகம். அப்ப ஆயுசும் 55% அதிகம் வந்தாத்தான் சமம். 2,000 மணிக்கு எதிரா சுமார் 3,090 மணி நேரம். அதுக்கு மேல வந்தா பிரீமியம் லாபம். கீழே போனா நஷ்டம்.

மாமா வண்டிக்குக் கிடைச்சது 2,800. 22 ரூபாய் கணக்குல அதோட மதிப்பு 61,600. நாம கொடுத்தது 68,000. நஷ்டம் 6,400.

பாருங்க, டயர் தேர்வுல நான் பண்ண தப்போட விலை 6,400. கேள்வி கேக்காம விட்ட தப்போட விலை 53,500. எது பெரிய தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

டயருக்கு மூணு வகைச் சாவு

பிரீமியம் டயர் மோசம்னு நான் சொல்ல வரலை. அதே டயர் வேற ஒரு வண்டியில 3,400 மணி நேரம் தாராளமா வந்திருக்கும். பிரீமியம் டயர்ல நீங்க கூடுதல் காசு கொடுக்கறது கூடுதல் ஆயுசுக்கு. அந்த ஆயுசை முழுசா அனுபவிக்கிற வேலை உங்க வண்டிக்கு இருக்காங்கறதுதான் கேள்வி. அதுக்கு உங்க பழைய டயர் எப்படிச் செத்துதுன்னு பாக்கணும்.

ஒண்ணு, தேய்ஞ்சு சாகறது. தார் ரோட்ல ஊர் ஊரா ஓடற வண்டி, சரளை மண்ணுல நாள் முழுக்க வேலை பாக்கற வண்டி, தேவர்குளம் பக்கம் காற்றாலை வேலைக்குப் போய் மாசக்கணக்கா அங்கயே நிக்கற வண்டி. வருஷத்துக்கு 1,500 மணிக்கு மேல ஓடும். டயர் ரெண்டு மூணு வருஷத்துல மொட்டையாகும். சைடு நல்லாவே இருக்கும். இந்த வண்டிக்குப் பிரீமியம் போடுங்க. கூடுதலா கொடுத்த காசு திரும்ப வரும். டயர் மாத்தறதுக்கு வண்டி நிக்கற நாளும் குறையும்.

ரெண்டு, கிழிஞ்சு சாகறது. கல் குவாரி, கிரஷர், பழைய கட்டடம் இடிக்கற இடம். கூர்க்கல்லும் கம்பியும் டயர் விலை என்னன்னு பாத்துக் குத்தாது. 34,000 ரூபாய் டயரும் மூணாவது வாரம் சைடு கிழியலாம். இங்கே பிராண்டை விட டயரோட கட்டமைப்பு முக்கியம். பிளை அதிகமா இருக்கா, பாறை வேலைக்குன்னே வர்ற தடிமனான டிரெட்டா, சைடு பலமா இருக்கான்னு பாருங்க. அதோட, தளத்துல சிதறிக் கிடக்கற கல்லை முதல்ல பக்கெட்டால ஒதுக்கிட்டு வேலை ஆரம்பிக்கிற ஆபரேட்டர் கிடைச்சா, அவருக்குப் பேட்டா 100 ரூபாய் கூடக் கொடுங்க. பிரீமியம் டயரை விட அது நல்ல முதலீடு.

மூணு, வயசாகி சாகறது. மாமா வண்டி கதை. நம்ம பக்கம் கரிசல் மண். காய்ஞ்ச கரிசல் டயரைப் பெருசா தேய்க்காது. மழை பெஞ்சா வண்டியை உள்ளயே இறக்க முடியாது, புதைஞ்சுரும். அதனால வருஷத்துக்கு 600 மணி நேரம்தான் ஓட்டம். மீதி நேரம் வெட்ட வெயில்ல நிக்குது. ரப்பர் சீக்கிரம் வெடிக்காம இருக்க அதுல மெழுகும் வேற சில பொருளும் கலந்திருப்பாங்க. டயர் உருண்டு வளைஞ்சு கொடுக்கும்போதுதான் அதெல்லாம் நல்லா மேற்பரப்புக்கு வரும். நின்னுட்டே இருக்கற டயர்ல அது சரியா நடக்காது. வெயிலும் காத்துல இருக்கற ஓசோனும் சேர்ந்து சைடை வெடிக்க வச்சிடும்.

600 மணி ஓடற வண்டியில 3,400 மணியைத் தொட அஞ்சு வருஷம் எட்டு மாசம் ஆகணும். மாமா வண்டி நிக்கற வெயில்ல அதுவரைக்கும் தாங்கலை. அப்படிப்பட்ட வண்டிக்கு சாதாரண டயர் போடுங்க. 2,000 மணியை மூணு வருஷம் நாலு மாசத்துல முடிச்சுரும். சைடு வெடிக்கறதுக்குள்ள கட்டை தேய்ஞ்சுரும். கொடுத்த காசு முழுசா உபயோகம் ஆயிடும். கூடவே 1,500 ரூபாய்க்கு ஒரு நல்ல தார்ப்பாய் வாங்கி, வண்டி நிக்கும்போது டயர் மேல போடச் சொல்லுங்க. வேப்ப மரத்து நிழல் இருந்தா அதுவும் மிச்சம்.

"பிரீமியம்"ங்கறது யார் வச்ச பேரு?

இது எனக்குப் பிடிச்ச விஷயம். பால்கிருஷ்ணா இண்டஸ்ட்ரீஸ்னு ஒரு இந்தியக் கம்பெனி. பிகேடின்னு சொன்னா டிராக்டர், ஜேசிபி வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும். அவங்க டயர்ல பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போகுது. ஐரோப்பாவுல ஒரு விவசாயி அதை வாங்கறதுக்கு முக்கியக் காரணம், அங்கத்த பெரிய பிராண்டை விட விலை குறைவு. அதே டயர் நம்ம ஊர்க் கடையில உயர்ந்த ரகம். நம்ம மதுரையில இருக்கற டிவிஎஸ் ஸ்ரீசக்ராவும் இப்படி மெஷின் டயர் செஞ்சு ஏற்றுமதி பண்றாங்க. ஒரே டயர் ஒரு ஊர்ல பட்ஜெட், இன்னொரு ஊர்ல பிரீமியம். அந்தப் பேரு டயர்ல இல்லை, கடை அலமாரியில இருக்கு.

அதே மாதிரி, விலை குறைவுக்கும் தரக் குறைவுதான் காரணம்னு இல்லை. லாரி டயர்ல நடந்ததைப் பாருங்க. சீனாவுலருந்து லாரி, பஸ்ஸுக்கான ரேடியல் டயர் ரொம்பக் குறைஞ்ச விலைக்கு வந்து குவிஞ்சுது. 2017 செப்டம்பர்ல மத்திய அரசு அதுக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. 2019-ல் மானியத்தை ஈடுகட்ட இன்னொரு வரி. 2020 ஜூன்ல பல வகை டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வாங்கணும்னு கட்டுப்பாடு வந்துச்சு. அந்த டயர் விலை மாறினதுக்குக் காரணம் ரப்பர் மாறினது இல்லை, வரி மாறினது.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22-லருந்து புது டயருக்கு ஜிஎஸ்டி 28%-லருந்து 18% ஆச்சு. டிராக்டர் டயருக்கு 18%-லருந்து 5%. இதுல ஒரு சின்னப் பொறி இருக்கு. ஜேசிபி பின் டயர் பொதுவா 16.9-28 அளவு. அதே அளவுல டிராக்டர் பின் டயரும் வருது. வரி கம்மி, விலை கம்மின்னு அதைத் தூக்கி ஜேசிபியில மாட்டத் தோணும். மாட்டாதீங்க. டிராக்டர் டயர் ஆர்-1 மாடல், வயலுக்குன்னு செஞ்ச கட்டை. தார் ரோட்லயும் கடினத் தரையிலயும் வேகமா தேயும். பேக்ஹோவுக்கு ஆர்-4 மாடல், 12 பிஆர் மாதிரி அந்த வண்டிக்குச் சொன்ன பிளை இருக்கணும். தப்பான டயர் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் நஷ்டம்தான்.

வரி மிச்சமாகும்னு வாங்காதீங்க

ஒரு சிஏ-வா இதைச் சொல்லியே ஆகணும். "செலவுதானே சார், கணக்குல காட்டிக்கலாம்"னு சொல்லிட்டு விலை கூடுன டயர் வாங்கறவங்க நிறைய.

மெஷின் வாடகை வருமானத்தை உத்தேச வருமான முறையில, அதாவது டர்ன்ஓவர்ல 8%, பேங்க் வழியா வந்த தொகைக்கு 6%-ன்னு காட்டறவங்களுக்கு டயர் பில்லால வரி ஒரு பைசா குறையாது. 44,000-க்கு வாங்கினாலும் 68,000-க்கு வாங்கினாலும் வரி ஒண்ணுதான்.

முறையா புக்ஸ் எழுதறவங்களுக்கு டயர் மாத்தறது அந்த வருஷச் செலவு, கழிச்சுக்கலாம். ஆனா 20% வரி கட்டறவருக்கு 100 ரூபாய் செலவு பண்ணா மிச்சம் 20 ரூபாய்தான். மீதி 80 அவர் பாக்கெட்லருந்து போகுது.

ஜிஎஸ்டி பதிவு இருந்து, வாடகைக்கு 18% வசூல் பண்றவங்க டயர்ல கட்டின ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவா எடுத்துக்கலாம். 68,000-ல் சுமார் 10,370 ரூபாய் ஜிஎஸ்டி. 44,000-ல் சுமார் 6,710. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் 24,000-லருந்து 20,340 ஆகக் குறையும். கையில காசு மிச்சம், உண்மைதான். ஆனா 55% அதிகம்ங்கற விகிதம் மாறலை. ஆயுசும் 55% கூடினாத்தான் சமம்ங்கற கணக்கு அப்படியே நிக்கும். காம்போசிஷன்ல இருக்கறவங்களுக்கும் பதிவே இல்லாதவங்களுக்கும் இந்த வரவு கிடையாது.

இன்னொண்ணு. வண்டியும் லோனும் உங்க பேர்ல இருந்து, வாடகை வருமானமும் உங்களோடதுன்னா, சம்பளத்துக்கு மட்டும் போடற ஐடிஆர்-1 போதாது. அதுல கவனமா இருங்க.

கடன் வாங்கி பிரீமியம்?

கூடுதல் 24,000-ஐ நீங்க பர்சனல் லோன்ல எடுக்கறீங்கன்னு வைங்க. 14% வட்டி, ரெண்டு வருஷம். வட்டி மட்டும் சுமார் 3,650. இப்ப பிரீமியம் ஜோடியோட உண்மை விலை 71,650. சமமாகணும்னா 3,090 இல்லை, சுமார் 3,260 மணி நேரம் ஓடணும். நாம எதிர்பார்த்ததே 3,400. இடையில ஒரு கூர்க்கல் போதும், எல்லாம் போச்சு.

"தரமானதை ஒரே தடவை வாங்கு"ங்கற அறிவுரை கையில காசு இருக்கறவங்களுக்கு நல்ல அறிவுரை. காசு இல்லாதவனுக்கு அந்த 24,000-க்கு இன்னும் பத்து வேலை காத்துட்டு இருக்கும். பம்ப், பேட்டரி, இன்சூரன்ஸ், ஆபரேட்டர் அட்வான்ஸ், பொண்ணு காலேஜ் ஃபீஸ். அதுல எதைத் தள்ளிப் போட்டு இந்த டயர் வருதுன்னு தெரியாம "நல்லதா வாங்குங்க"ன்னு சொல்றது அறிவுரை இல்லை. தூரத்துல இருந்து நாம காட்டற கௌரவம். நான் காட்டினேன்.

கணக்கு போடக் கூடாத இடம்

இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு யாரும் டிப்பரோட முன் டயர்ல மிச்சம் புடிக்காதீங்க. பேக்ஹோ மெதுவா போற வண்டி. டிப்பர் லோடோட 60 கிலோமீட்டர் வேகத்துல ராஜபாளையம் ரோட்ல வருது. முன் டயர் வெடிச்சா வண்டி டிரைவர் கையில இருக்காது. எதிர்ல பைக்ல வர்றது உங்க தம்பியா இருக்கலாம். முன்னாடி ரீட்ரேட் டயர் வேண்டாம், அடையாளம் தெரியாத டயர் வேண்டாம், வயசான டயர் வேண்டாம்.

டிப்பர்ல பின்னாடி கணக்கு வேற. நாள் முழுக்க ஓடற வண்டி, தேய்ஞ்சு சாகற டயர். நல்ல டயரோட உடம்பு பலமா இருந்தா, கட்டை தேய்ஞ்சதும் ரீட்ரேட் பண்ணி இன்னொரு சுற்று ஓட்டலாம். மட்டமான டயர்ல அந்த ரெண்டாவது வாழ்க்கை கிடைக்காம போகலாம். என்கிட்ட கணக்கு பாக்க வர்ற ஒரு டிப்பர் ஓனர் பிரீமியம்தான் வாங்கறார். அவர் பண்றது சரி. மாமாவுக்கு நான் சொன்னது தப்பு. ரெண்டு பேரும் வாங்கினது நல்ல டயர்தான், வேலைதான் வேற வேற.

இந்தத் தடவை என்ன பண்ணோம்

இப்ப நான் சங்கரன்கோவில்லயே ஆபீஸ் போட்டுட்டேன். மார்ச்ல மாமா கூப்பிட்டப்ப நேர்லயே போயிட்டேன். முதல்ல வண்டியைச் சுத்தி வந்து நாலு டயரையும் பாத்தோம். பின் டயர் வயசாகி போயிருக்கு. முன் டயரைப் பாத்தா, சைடு நல்லா இருக்கு, கட்டை சுத்தமா இல்லை. பக்கெட்ல மண்ணோட பாரம் முழுக்க முன்னாடி விழுது. நின்ன இடத்துலயே ஸ்டியரிங் ஒடிக்கிறதுல தரையில உரசித் தேயுது. ஒரே வண்டி, முன்னாடி ஒரு சாவு, பின்னாடி வேற சாவு.

முன் டயர் கணக்கு: சாதாரண ஜோடி 22,000, மாமா நோட்டுப்படி 1,000 மணி நேரம். மணிக்கு 22. பிரீமியம் ஜோடி 30,000, 1,500 மணி வந்தா மணிக்கு 20. விலை 36% அதிகம், ஆயுசு 50% அதிகம். வருஷம் 600 மணின்னா ரெண்டரை வருஷத்துல முடிஞ்சுரும், வயசாக நேரமே இல்லை. அதனால முன்னாடி பிரீமியம், பின்னாடி சாதாரணம். ரெண்டு பின் டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். உயரம் வித்தியாசமா இருந்தா டிஃபரன்ஷியலுக்குக் கேடு.

அப்புறம் நான் கேட்டேன், "மாமா, இது போக வேற என்ன வேலை பாக்கி இருக்கு?"

கொஞ்ச நேரம் என்னையே பாத்தார். "இதை நீ அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா மாப்ள"ன்னு சிரிச்சார். அப்புறம் பட்டியல் வந்துச்சு. ரெண்டு ஹோஸ் மாத்தணும், பேட்டரி தூங்குது, இன்சூரன்ஸ் அடுத்த மாசம். நான் பணம் கொடுத்தது அதுக்குத்தான். டயரை அவரே வாங்கினார்.

போன் வந்தா நீங்க கேக்க வேண்டியது

அடுத்த தடவை ஊர்லருந்து போன் வந்தா பணம் அனுப்பறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

1. பழைய டயரை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தேய்ஞ்சிருக்கா, கிழிஞ்சிருக்கா, சைடு வெடிச்சிருக்கா?

2. பழைய டயர் எத்தனை மணி நேரம் ஓடிச்சு? நோட்டுல இல்லைன்னா, இனிமே டயர் மாட்டற அன்னைக்கு ஹவர் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. கம்பெனியும் கடைக்காரரும் சொல்ற மணி வேற ஏதோ ஒரு வண்டிக்கு. உங்களுக்குத் தேவை உங்க வண்டியோட மணி.

3. விலையை விலையால வகுங்க. அத்தனை மடங்கு ஆயுசு வருமா?

4. டயர் சைடுல நாலு இலக்கத்துல தயாரிப்புத் தேதி இருக்கும். 2325-ன்னு இருந்தா 2025-ஓட 23-வது வாரம். வயசாகி சாகற வண்டிக்குக் கடையில ரெண்டு வருஷம் கிடந்த டயரை எந்தத் தள்ளுபடியிலயும் வாங்காதீங்க.

5. டயர் சீரியல் நம்பர் போட்ட பில் வேணும். தயாரிப்புக் குறைக்கு கிளெய்ம் கேக்க அது இருந்தாத்தான் வழி. கல் குத்திக் கிழிஞ்சா கிளெய்ம் கிடைக்காதுன்னு தெரிஞ்சே வாங்குங்க.

6. கடைசியா, இந்தக் காசுக்கு வேற என்ன வேலை காத்துட்டு இருக்கு?

ஆறாவது கேள்வியைக் கேக்க வாய் கூசும். ஊர்ல இருக்கறவங்க தானா சொல்ல மாட்டாங்க. "அவனே கஷ்டப்பட்டு சம்பாதிக்கிறான், எல்லாத்தையும் ஏன் சொல்லணும்"னு நினைப்பாங்க. நாமதான் கேக்கணும். எனக்கு அந்தக் கேள்வியோட விலை 53,500-ன்னு தெரிய அஞ்சு வருஷம் ஆச்சு.

உங்களுக்கு அது இலவசம். இன்னைக்கு ராத்திரியே ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க.